படத்தில் விழாத வலி

"எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை." திம்புள்ளப் பகுதித் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் முதுகுவலி பற்றிய விசாரணை, பெரும்பாலும் இந்த இரண்டு சொற்களோடு முடிந்துவிடுகிறது. சொன்ன வைத்தியர் அதை ஆறுதலாகவே சொல்லியிருப்பார்: எலும்பு முறியவில்லை, பயப்படாதே என்பது அதன் பொருள். அதே வாக்கியம் மலையேறிக் கங்காணியின் காதுக்கு வந்து சேரும்போது வேறு பொருள் பெறுகிறது. அங்கே "ஒன்றுமில்லை" என்றால் "பொய் சொல்கிறாள்" என்று அர்த்தம்.

இந்த மொழிபெயர்ப்பைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று நீண்ட நாட்களாக எண்ணியிருந்தேன்.

எக்ஸ்ரே எதைக் காட்டும்? 1895இல் ரொண்ட்ஜன் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி தம் மனைவியின் கையைப் படம் பிடித்தபோது அதில் தெரிந்தவை எலும்புகளும் மோதிரமும். அன்று தொட்டு இன்றுவரை எக்ஸ்ரேயின் பலமும் அதுவே, பலவீனமும் அதுவே. முறிவைக் காட்டும், தேய்வைக் காட்டும். முள்ளந்தண்டின் எலும்புகளுக்கிடையே மெத்தைபோல் இருக்கும் வட்டுக்களையோ, அவற்றருகே செல்லும் நரம்புகளையோ, தசைநார்களையோ அது காட்டாது. மண்டபத்தின் தூண்களை மட்டும் படம் எடுத்துவிட்டு, உள்ளே கச்சேரி நடக்கவில்லை என்று சத்தியம் செய்யலாமா?

அப்படியானால் எம்.ஆர்.ஐ. எடுத்தால் உண்மை தெரிந்துவிடும் என்பார்கள், கண்டிக்கோ கொழும்புக்கோ போகப் பணம் உள்ளவர்கள். வட்டு, நரம்பு எல்லாம் அதில் தெரியும் என்பது உண்மை. ஆனால் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணமா? 1994இல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்தார்கள். எல்லா வட்டுக்களும் ஒழுங்காக இருந்தவர்கள் 36 சதவீதத்தினர் மட்டுமே. பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஒரு வட்டாவது பிதுங்கியிருந்தது. அவர்கள் நிம்மதியாக நடமாடிக்கொண்டிருந்தவர்கள்! 2015இல் வெளியான இன்னொரு ஆய்வு, இத்தகைய 33 ஆய்வுகளைத் தொகுத்து, வலியற்ற 3,110 பேரின் படங்களைக் கணக்கிட்டது. வட்டுத் தேய்மானம் இருபது வயதினரில் 37 சதவீதத்தினருக்கும், எண்பது வயதினரில் 96 சதவீதத்தினருக்கும் இருந்தது. தலைமயிர் நரைப்பது போல் முள்ளந்தண்டும் நரைக்கிறது, அவ்வளவுதான்.

ஆக, வலி இருந்தும் படம் வெறுமையாக இருக்கலாம். படம் நிறையக் கோளாறு இருந்தும் வலி இல்லாதிருக்கலாம். இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகும் படத்தை நீதிபதியின் ஆசனத்தில் அமர்த்தியிருக்கிறோம்.

லிந்துலைப் பக்கத்தில் ஒரு லயத்தில், ஐம்பதைக் கடந்த ஒரு தாய் இரண்டு படங்களைப் பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். முதலாவது எக்ஸ்ரே. அதில் ஒன்றுமில்லை என்றதால் இலகு வேலை கேட்டது மறுக்கப்பட்டது. இரண்டாவது, தங்கத் தோட்டை அடகுவைத்து நகரத்தில் எடுத்த ஸ்கான். அதில் வட்டு பிதுங்கியிருக்கிறது, குனியவே கூடாது, சத்திரசிகிச்சை தேவைப்படலாம் என்றார்களாம். முதற்படம் அவரைப் பொய்யர் ஆக்கிற்று, இரண்டாவது நொண்டி ஆக்கிற்று. இரண்டு இடத்திலும் யாரும் கேட்காத கேள்வி ஒன்றுண்டு: "அம்மா, எப்போது வலிக்கிறது? எதைச் செய்யும்போது வலிக்கிறது?"

கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். வலியின் வரலாறு அவருடைய வேலைநாளில் இருக்கிறது. காலையில் பிரட்டு முடிந்ததும் மலைக்கு ஏற்றம். வழுக்கும் சரிவில் ஒரு காலை மேலும் ஒரு காலைக் கீழும் ஊன்றி நாள் முழுவதும் நிற்க வேண்டும். கைகள் நெஞ்சுக்கு முன் ஓயாமல் ஓட, பின்னால் கனம் ஏறிக்கொண்டே போகும். நிறுவைக்கு மறுபடியும் இறக்கம். ஒரு நாட்கூலியைத் தோட்டத்தில் "பேர்" என்பார்கள். அதற்குப் பதினாறு, பதினெட்டு, இருபது கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் அளவு உண்டு. அது நிறையாவிட்டால் "அரைப்பேர்". வலி கூடிய நாளில் கொழுந்து குறையும், கொழுந்து குறைந்த நாளில் சம்பளம் குறையும். 2021இல் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்தபோது எல்லோரும் ரூபாயைப் பற்றிப் பேசினோம். கிலோவைச் சுமக்கும் இடுப்பைப் பற்றிப் பேசியவர்கள் மிகச் சிலர். தேயிலைச் செடியின் நோய்களை ஆராயத் தலவாக்கலையில் ஒரு நிலையம் இருக்கிறது; தேயிலை ஆராய்ச்சிக்கென 1925இலேயே அமைப்பு தோன்றிவிட்டது. செடிக்கு இருக்கும் அதிர்ஷ்டம் அப்படி.

மொழியையும் இங்கே சொல்லியாக வேண்டும். மலையக வைத்தியசாலைகளில் தமிழ் தெரிந்த வைத்தியர்கள் போதாமை பழைய குறை. கடுப்பு, குடைச்சல், குத்தல், இழுப்பு, எரிவு, உளைச்சல் என்று வலியைப் பிரித்துச் சொல்ல நம்மிடம் எத்தனை சொற்கள்! யாழ்ப்பாணத்தவர் நாரிப்பிடிப்பு என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறார்கள். கால்வரை இறங்கும் எரிவு நரம்பைச் சுட்டும். சுமை இறக்கியதும் தணியும் கடுப்பு தசையைச் சுட்டும். நோயாளியின் வாய்மொழியே முதற் பரிசோதனை. அந்த வாய்மொழி விளங்காத அறையில் எல்லாம் "வலி" என்ற ஒரே சொல்லாகச் சுருங்கிவிட, மிகுதியைப் படத்திடம் கேட்கிறார்கள். படத்துக்கு மொழி தேவையில்லை அல்லவா?

"வலியென்று வாயால் சொன்னால் போதுமா? நாளைக்குத் தோட்டமே படுத்துக்கொள்ளுமே" என்று ஒரு நிர்வாகி என்னிடம் கேட்டார். நடிப்பவர் எங்கும் உண்டு, பத்திரிகை அலுவலகத்திலும் பார்த்திருக்கிறேன். ஆனால் நடிப்பைக் கண்டுபிடிக்கும் கருவி எக்ஸ்ரே அல்ல. போரில் காலை இழந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், இல்லாத பாதத்தின் விரல் வலிக்கிறது என்பார்கள். எந்தப் படத்தில் அந்த விரலைத் தேடுவது? வலி பற்றி ஆராயும் சர்வதேசச் சங்கம் 1979இல் தந்த வரையறையை 2020இல் திருத்தியபோது, தமக்கு வலிக்கிறது என்று ஒருவர் சொல்வதை மதிக்க வேண்டும் என்றும், சொல்ல இயலாமை வலி இல்லாமைக்குச் சான்றல்ல என்றும் குறித்து வைத்தது.

படமே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். விழுந்து அடிபட்டிருந்தால், காய்ச்சலோ மெலிவோ சேர்ந்திருந்தால், முன்னர் புற்றுநோய் இருந்திருந்தால், கால் பலமிழந்தால் உடனே படம் எடுத்தாக வேண்டும். சிறுநீர் மலம் கட்டுப்பாடு தவறினாலோ தொடையிடுக்கு மரத்துப்போனாலோ ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. அங்கே படம் உயிர் காக்கும், உறுப்பைக் காக்கும். மற்றபடி பெரும்பாலான முதுகுவலிக்கு வேண்டியது தொட்டுப் பார்க்கும் கை, கேட்கும் காது, படுக்கையில் முடங்கிவிடாமல் உடலை அசைக்கச் சொல்லித்தரும் ஒருவர், சில வாரங்களுக்குக் குறைந்த சுமை.

கடைசியாகச் சொன்னது வைத்தியசாலையில் கிடைக்காது, தோட்டத்தில்தான் கிடைக்க வேண்டும். சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும் தொழிற்சங்கத் தலைவர்களிடம் ஒரு கோரிக்கை: ரூபாய்க் கணக்கோடு இன்னும் ஒரு வரியையும் எழுதிக்கொண்டு போங்கள். பரிசோதித்த வைத்தியர் இலகு வேலை என்று எழுதிக் கொடுத்தால், அத்தனை நாட்களுக்கும் குறைந்த கிலோவுக்கு முழுப்பேர். எக்ஸ்ரே கேட்கக் கூடாது.