உங்கள் மாடிப்படியைப் படமெடுங்கள்

2010 பிப்ரவரி 23 அன்று பெங்களூரு கார்ல்டன் டவர்ஸ் அலுவலகக் கட்டடத்தில் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். மாடிகளை நிரப்பியது புகை. தாங்க முடியாமல் ஜன்னல் வழியே குதித்தவர்களும் உண்டு. அலுவலகப் பாதுகாப்புக் காணொளி எடுப்பவர்கள் இதை நினைத்துக்கொண்டுதான் கேமராவைத் தொட வேண்டும். எங்கோ விலைக்கு வாங்கிய கார்ட்டூன் எதற்கு? உங்கள் மாடிப்படி, உங்கள் அவசர வழிக் கதவு, அதை மறைத்து அடுக்கிய அட்டைப்பெட்டிகள், இவற்றைக் காட்டுங்கள். லிஃப்ட் பக்கம் போகாமல், புகைக்குக் கீழே குனிந்து வெளியேறுவதைக் கணக்குப் பிரிவு அக்காவே செய்துகாட்டட்டும். தெரிந்த முகம் வந்தால் யாரும் செல்போனைப் பார்க்க மாட்டார்கள். தீயணைப்பானை மட்டும் காணொளியோடு விடாதீர்கள், ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துப் பழக்குங்கள். அட்டைப்பெட்டிகளை அன்றே அகற்றச் சொல்லும் அதிகாரமும் படமெடுப்பவருக்கு வேண்டும்.