மண்ணுக்குக் கீழே ஒரு தொழில்

சில மாதங்களுக்கு முன்னர் ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியிறங்கும்போது நண்பர் ஒருவர் என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துச் சென்றார். அவருடைய மூத்த மகன் உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படித்தவர். வெட்டுப்புள்ளி சற்றுக் குறைந்ததால் பல்கலைக்கழக வாய்ப்புத் தவறிவிட்டது.

“ஹாஜியார், இவன் பூமிக்குக் கீழ பைப் தேடுற வேலை படிக்கப் போறேன்டு நிக்கிறான். மாமாட கடையில போய் நில்லுன்டு சொன்னா கேக்கிறானில்ல. நீங்க கொஞ்சம் புத்தி சொல்லுங்க” என்றார்.

புத்தி சொல்வதற்காகவே அன்று மாலை அந்தப் பிள்ளையைக் கடைக்கு வரச் சொன்னேன். ஒன்றரை மணித்தியாலம் பேசினோம். முடிவில் புத்தி பெற்றது நான்தான். அதனால்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

பிளேன் சொன்னதும் மண் சொன்னதும்

என் கடை இருக்கும் தெருவில் சில வருடங்களுக்கு முன்னர் வடிகான் வேலைக்காக ஒரு பெக்கோ வந்தது. முதல் நாள் காலையிலேயே அதன் வாளி பிரதான தண்ணீர்க் குழாயில் பட்டது. பத்து நிமிடத்தில் தெரு ஆறாகியது. அடித்தட்டில் அடுக்கியிருந்த சீமெந்துப் பைகள் நனைந்து கல்லாகின. மறுநாள் அதே குழியின் மறுமுனையில் டெலிபோன் கேபிளும் அறுந்தது. மூன்று நாட்கள் வாடிக்கையாளர் எவரும் தெருவுக்குள் வரவில்லை. நட்டத்துக்கு யாரும் பொறுப்பேற்கவுமில்லை.

ஒப்பந்தக்காரரிடம் ஒரு பிளேன் இருந்தது. அதை நானே பார்த்தேன். அதன்படி தண்ணீர்க் குழாய் வீதியின் எதிர்ப்பக்கத்தில் போகவேண்டும். “பிளேனில் இப்படித்தான் இருக்கிறது, நான் என்ன செய்ய?” என்று அவர் கேட்டார். அவரில் முழுப் பிழையும் இல்லை. குழாய் தாழ்ப்பதற்கு முன்னர் வரைந்த பிளேனையே பல இடங்களில் இன்றும் வைத்திருக்கிறார்கள். தாழ்க்கும்போது பாறை வந்தால், மரம் நின்றால் குழாயை விலக்கிப் போட்டிருப்பார்கள். அது வரைபடத்தில் ஏறியிருக்காது. வீதி ஓரத்திலிருந்து இத்தனை அடி என்று குறித்திருந்தாலும், பின்னாளில் வீதியை அகலமாக்கியதும் அந்த ஓரமே இல்லாமல் போய்விடும்.

கொழும்புக்கு லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீர் வரத் தொடங்கியது 1886இல். நகரின் கழிவுநீர்க் குழாய்களில் ஒரு பகுதி நூறு வயதைத் தாண்டியது. அதற்கு மேலே மின்சாரம், டெலிபோன், இப்போது ஃபைபர் கேபிள் என்று தலைமுறைக்கு ஒன்றாகப் புதைத்திருக்கிறோம். புதைத்தவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. அவர்கள் எங்கே புதைத்தார்கள் என்று தோண்டாமலே கண்டுபிடித்து வரைபடமாக்கித் தருபவர்தான் ‘யுட்டிலிட்டி சேர்வேயர்’ எனப்படும் நிலத்தடிக் குழாய், கேபிள் அளவையாளர்.

வேலை எப்படி நடக்கிறது?

பிரித்தானியாவில் இந்த வேலைக்கென்றே 2014இல் ‘பாஸ் 128’ என்ற தரநிர்ணயம் வெளியிடப்பட்டு, 2022இல் புதுப்பிக்கப்பட்டது. அது வேலையை நான்கு படிகளாகப் பிரிக்கிறது. முதலாவது, பழைய பிளேன்களையும் பதிவுகளையும் திரட்டுதல். இரண்டாவது, இடத்திற்குப் போய் மேன்ஹோல் மூடி, வால்வு, மீற்றர்ப் பெட்டி என்று வெளியே தெரியும் அடையாளங்களைப் பதிதல். மூன்றாவது, கருவிகளால் தேடுதல். நான்காவது, சந்தேகமான இடத்தில் சிறு சோதனைக் குழி தோண்டிக் கண்ணால் பார்த்தல்.

கருவிகளில் பிரதானமானவை இரண்டு. ஒன்று கையில் பிடிக்கும் மின்காந்தக் கருவி. மின்சாரம் ஓடும் கேபிளைச் சுற்றி எழும் காந்தப் புலத்தை அது உணர்ந்து ஒலி எழுப்பும். உலோகக் குழாயாக இருந்தால் வால்வில் ஒரு சிக்னலைக் கொடுத்து, அது போகும் வழியே நடந்து செல்லலாம். மற்றது, புல்வெட்டும் இயந்திரம் போலத் தள்ளிச் செல்லும் ரேடார். அது மண்ணுக்குள் அலையை அனுப்பும். கீழே குழாய் இருந்தால் திரையில் கவிழ்த்த வில் போல ஒரு வளைவு தெரியும்.

இரண்டுக்கும் பலவீனம் உண்டு. மின்சாரம் ஓடாத கேபிள், சிக்னல் கொடுக்காவிட்டால் முதற் கருவிக்குச் சத்தமே காட்டாது. ஈரக் களிமண்ணும் உப்புநீர் ஊறிய நிலமும் ரேடார் அலையை விழுங்கிவிடும். வளைகுடா நாடுகளின் கரையோர நிலங்களில் இது பெரிய தலையிடி.

அந்தப் பிள்ளை என் கடையின் ராக்கையைக் காட்டி, “மாமா, நீங்க விக்கிற இந்த பி.வி.சி பைப்பை அந்த மெஷின் கண்டுபிடிக்காது” என்றார். முப்பது வருடமாக நான் விற்கும் பொருளைப் பற்றி எனக்குத் தெரியாத செய்தி அது. பிளாஸ்டிக்கில் மின்சாரம் ஓடாது, ஆகவே மின்காந்தக் கருவிக்கு அது இல்லாத பொருள். குழாயோடு சேர்த்து ஒரு மெல்லிய செப்புக் கம்பியைப் புதைத்துவிட்டால் பின்னால் வருபவர் கண்டுபிடித்துக்கொள்வார். நீளமான குழாய் வாங்க வருபவர்களுக்கு இதை இப்போது நான் சொல்லியே விற்கிறேன். கம்பியின் விலை குழாயின் விலையோடு பார்க்கும்போது சொற்பம்.

விற்பது எதை?

இங்கேதான் எனக்கு இந்தத் தொழிலின் மதிப்புப் புரிந்தது. நாங்கள் கடைக்காரர்கள் பொருளை விற்கிறோம். இந்த அளவையாளர் விற்பது தன் வார்த்தையை. வரைபடத்தில் ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று அவர் எழுதவேண்டும். ‘பழைய பிளேனில் மட்டும் கண்டது’, ‘கருவியில் கண்டது’, ‘தோண்டிப் பார்த்தது’ என்று பிரித்துக் காட்டவேண்டும். கிடைக்காததைக் கிடைக்கவில்லை என்றே எழுதவேண்டும். வாடிக்கையாளர் சந்தோஷப்படட்டும் என்று ஊகத்தில் ஒரு கோட்டை இழுத்துவிட்டால், அதை நம்பி அலவாங்கைக் குத்தும் கூலித் தொழிலாளியின் உயிர் போகலாம்.

2004 ஜூலை 30ஆம் திகதி பெல்ஜியத்தில் கிஸ்லெங்கியன் என்ற இடத்தில் நிலத்தடி எரிவாயுக் குழாய் வெடித்து 24 பேர் இறந்தார்கள். கட்டுமான வேலையின்போது இயந்திரம் பட்டு அந்தக் குழாய் முன்னரே காயப்பட்டிருந்தது. மேலே மண் மூடியிருந்தது. காயம் உள்ளே இருந்தது.

சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு, மேலே காய்ந்திருந்த தானியத்தின் கீழே ஈரம் இருப்பதைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த சம்பவத்தை நாம் மத்ரஸாவிலேயே படித்திருக்கிறோம். கண்ணுக்குத் தெரியாததைப் பற்றி உண்மை சொல்வதுதான் அமானிதம். இந்தத் தொழில் முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது.

கணக்குப் பார்த்தால்

வியாபாரிக்குக் கணக்கும் வேண்டும். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 71 வீதித் திட்டங்களை ஆராய்ந்து 1999இல் ஒரு கணக்குச் சொன்னது. நிலத்தடி அளவைக்கு ஒரு டொலர் செலவழித்தால் சராசரியாக 4.62 டொலர் மீதமாகிறதாம். என் சீமெந்துப் பைகளை நினைத்துப் பார்த்தேன். நம்பக்கூடிய கணக்குத்தான்.

ஆகவே உலகில் இந்தத் தொழிலுக்குத் தேவை இருக்கிறது. சிங்கப்பூரில் மின் கேபிள் உள்ள இடத்தருகே மண் வெட்டுவதற்கு முன்னர், அனுமதிப்பத்திரம் பெற்ற கேபிள் கண்டறியும் பணியாளர் வந்து பார்க்கவேண்டும் என்பது சட்டம். மலேசியா 2006இல் நிலத்தடி வரைபடத்துக்கான வழிகாட்டியை வெளியிட்டது. டுபாயில் வீதியைத் தோண்டுவதானால் மின்சாரம், தண்ணீர், தொலைத்தொடர்பு என ஒவ்வொரு தரப்பிடமும் ஆட்சேபனையில்லைக் கடிதம் எடுக்கவேண்டும்.

நம் பிள்ளைகள் வளைகுடாவுக்குப் போகாதவர்கள் அல்லர். ஆனால் பெரும்பாலும் சாரதியாக, சேல்ஸ்மனாக, ஹெல்பராகவே போகிறார்கள். பத்து வருடம் கழித்துத் திரும்பும்போது கையில் ஒரு முச்சக்கர வண்டிக்கான பணம் இருக்கும், தொழில் இருக்காது. அதே விமானத்தில் ஒரு கைத்தொழிலோடு போனால் என்ன?

வழி என்ன?

சாதாரண தரத்தில் கணிதமும் ஆங்கிலமும் நன்றாக இருக்கவேண்டும். உயர்தரத்தில் கணிதப் பிரிவோ, 2013இல் தொடங்கிய தொழில்நுட்பப் பிரிவோ பொருத்தமானது. பட்டம் வேண்டுமென்றால் சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் அதற்கான பீடம் இருக்கிறது. தியத்தலாவையில் அளவைப் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. அதற்கு முடியாதவர்கள் அளவை உதவியாளராகச் சேர்ந்து கருவி பிடிக்கவும், ஓட்டோகெட்டில் வரையவும் பழகலாம். நில அளவை தெரிந்தவருக்கு நிலத்தடி அளவை அடுத்த படி.

கஷ்டத்தையும் சொல்லவேண்டும். வெயிலில் நாள் முழுக்க நடக்கும் வேலை. வாகனம் குறைந்த இரவிலும் வீதியில் நிற்க நேரும். திட்டம் முடிந்தால் ஒப்பந்தமும் முடியலாம். வெளிநாடு போகிறவர் ஒப்பந்தத்தில் ‘சேர்வேயர்’ என்று இருக்கிறதா, ‘ஹெல்பர்’ என்று இருக்கிறதா என்று கையெழுத்திடுமுன் வாசிக்கவேண்டும். வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் எந்த முகவரிடமும் பணம் கொடுக்கக் கூடாது.

எங்கள் தனவந்தர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஒரு ரேடார் கருவிக்குப் பல இலட்சம் ரூபா வேண்டும். தனியொரு இளைஞனால் முடியாது. நான்கு வியாபாரிகள் முதல் போட, தொழில் தெரிந்த இரண்டு இளைஞர்கள் உழைக்க, இலாபத்தை ஒப்பந்தப்படி பங்கிட்டால் வட்டியில்லாத ஒரு நிறுவனம் உருவாகும். ஒரே தெருவில் இன்னுமொரு புடைவைக் கடை திறந்து ஒருவரோடொருவர் விலையைக் குறைத்துக்கொள்வதைவிட இது மேல்.

நண்பரிடம், “உங்க மகனுக்கு நான் புத்தி சொல்லல்ல, அவர் போகட்டும்” என்றேன். அவருக்கு முகம் மாறியது. “கடை இருக்கக்குள்ள ரோட்டில நிக்கப் போறானே” என்றார். ரோட்டில் நிற்பது வெட்கமில்லை; ரோட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமல் தோண்டுவதுதான் வெட்கம் என்று சொல்லி அனுப்பினேன். அவர் இன்னும் முழுமனதாகச் சம்மதிக்கவில்லை. மகன் ஓர் அளவையாளரிடம் உதவியாளராகச் சேர்ந்துவிட்டார். இன்ஷா அல்லாஹ், அடுத்த முறை எங்கள் தெருவைத் தோண்ட பெக்கோ வரும்போது, அதற்கு முன்னால் அவரைப் போன்ற ஒருவர் கருவியோடு நடந்து வரவேண்டும் என்பதே என் ஆசை.