வாரியத்தின் உயிர் கணக்கே!

உத்தரமேரூர்க் கல்வெட்டைப் போற்றாத மேடையில்லை. அதன் உயிர்நாடியை உரைப்பாரோ அரியர். முதற் பராந்தகன் காலத்தே, கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் வகுக்கப்பெற்ற அவ்விதிகள் ஊரை 30 குடும்புகளாகப் பகுத்தன. ஆட்டை வாரியத்திற்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்திற்குப் பன்னிருவர், ஏரி வாரியத்திற்கு அறுவர் எனக் குடவோலையால் தேர்ந்தனர். பணிக்காலம் ஓராண்டே. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனும், அவன் உறவினரும் மீண்டும் ஓலைக்கு உரியரல்லர். அதுவே உயிர்நாடி!

அக்குடத்துள் நிலமிலார் பெயரில்லை, பெண்டிர் பெயரில்லை, வேதப் பயிற்சியும் தகுதியாக வைக்கப்பெற்றது. அத்தடைகளைத் தள்ளுக, கணக்கின் கண்டிப்பைக் கொள்ளுக.

இன்று தமிழக நகரங்களில் வார்டு குழு, பகுதி சபை என்பன உள. 2022 நவம்பர் 1ஆம் நாள் பகுதி சபைகள் கூடின. ஆயின் பகுதிப் பேராளரை மக்கள் தேர்வதில்லை, அவர் அமர்த்தப்படுகின்றார். அமர்த்தியவரிடமே அமர்ந்தவர் கணக்குக் கேட்பாரோ? 1992ஆம் ஆண்டின் 74ஆம் அரசியற் சட்டத் திருத்தமும் மூன்று இலக்கம் மக்களுக்குக் குறையாத நகரங்களிலேயே வட்டக் குழுவைக் கட்டாயமாக்கியது. கூத்தாநல்லூர் போன்ற சிறு நகராட்சிக்கு அக்காப்பும் இல்லை.

‘வார்டு’ என்பதை வட்டமென மாற்றுதல் எளிது, மாற்றவே வேண்டும். ஆனால், பெயர் தமிழானால் போதுமா? குளம் தூர்வாரிய செலவும், தெருவிளக்கிட்ட செலவும் தூய தமிழில் எழுதப்பெற்று, நகராட்சி வாயிலில் எல்லார் கண்ணிலும் படல் வேண்டும். தொண்டு செய்ய முன்வருவோரைத் தெருவினரே தேர்தல் வேண்டும்.

கூத்தாநல்லூர்த் தமிழர்களே! அடுத்த அவையில் கைதட்ட வேண்டா, கணக்குக் கேளுங்கள்!