கலங்காதீர், கணக்குப் பாருங்கள்!

எஸ்.டி.பி.எம். தேர்வு முடிவு வெளியான அன்று, மாலை மூன்று மணியளவில், பால்வெட்டுத் தோழர் ஒருவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். காலையில் பெரட்டுக்குப் போன உடுப்புகூட மாற்றவில்லை. கையில் மகளின் கைப்பேசி. அதை என்னிடம் நீட்டி, "கிராணி ஐயா, இதக் கொஞ்சம் படிச்சிச் சொல்லுங்க. புள்ள காலையிலேருந்து ஒரு வாய் சோறு திங்கல" என்றார்.

படித்தேன். உயிரியலில் ஏ. கணிதத்தில் ஏ. பெங்காஜியான் அம் என்னும் பொதுப்பாடத்தில் ஏ. இரசாயனத்தில் மட்டும் பி பிளஸ்.

"நல்ல முடிவுதானே, அண்ணே!" என்றேன்.

"டாக்டருக்குப் படிக்கணும்னு சின்ன வயசிலேருந்து சொல்லிக்கிட்டு இருந்துச்சு. இப்ப இந்த ஒரு பாடத்தால எல்லாம் போச்சுன்னு அழுவுது. ஒரே ஒரு பாடந்தானே ஐயா! அதுக்கா இவ்வளவு?"

தோழர்களே, அவர் கேட்ட கேள்விக்கு விடை கூறவே இதை எழுதுகிறேன். இது அவர் ஒருவருடைய கேள்வியன்று. தேர்வு முடிவு வரும் ஒவ்வோர் ஆண்டும் எத்தனையோ லயத்து வீடுகளில் இதே கேள்வி எழுகிறது. விடை தெரியாமையால் சில வீடுகளில் பிள்ளையின் படிப்பு நின்றுபோகிறது. சில வீடுகளில் தாயின் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போகிறது. இரண்டும் கூடா.

முதலில் ஒன்றைத் தெளிவாக்குவோம். தகுதி என்பது வேறு. போட்டி என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் நாம் கலங்குகிறோம்.

தகுதியைப் பற்றிச் சொல்வதானால், மலேசிய மருத்துவ மன்றம் குறைந்த அளவு ஒன்றை வகுத்திருக்கிறது. எஸ்.டி.பி.எம். தேர்வில் உயிரியல், இரசாயனம், இவற்றோடு பௌதிகம் அல்லது கணிதம் ஆகிய மூன்றிலும் பி இருந்தால் மருத்துவக் கல்விக்குத் தகுதி உண்டு. அதற்குமுன் எஸ்.பி.எம். தேர்வில் உயிரியல், இரசாயனம், பௌதிகம், கணிதம் அல்லது கூடுதல் கணிதம், இன்னும் ஒரு பாடம் ஆக ஐந்திலும் பி இருக்க வேண்டும். இந்த அளவுகோலின்படி நம் தோழரின் மகள் தேறியவளே. பி பிளஸ் என்பது பி தரத்துக்கும் மேலானது. அவள் டாக்டர் ஆகத் தகுதியில்லை என்று எவர் சொன்னாலும் அது பொய்.

போட்டி என்பதோ வேறு கதை. அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் மருத்துவ இடங்கள் சில, கேட்பவர் பலர். 2002 இல் இன ஒதுக்கீடு எடுக்கப்பட்டுத் தகுதிப் புள்ளி முறை வந்தது. அந்த முறையில் நூறு புள்ளிகளுக்குக் கணக்கு: படிப்புக்கு 90, புறப்பாட நடவடிக்கைக்கு 10.

இப்பொழுது பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். ஏ என்றால் 4.00. ஏ மைனஸ் 3.67. பி பிளஸ் 3.33. பி 3.00. நான்கு பாடங்களைக் கூட்டி நான்கால் வகுக்க வேண்டும். நான்கிலும் ஏ வாங்கியவருக்குச் சராசரி 4.00; அவர் படிப்புப் புள்ளி முழு 90. நம் தோழரின் மகளுக்கோ மூன்று ஏ, ஒரு பி பிளஸ், சராசரி 3.83. அதை நான்கால் வகுத்துத் தொண்ணூறால் பெருக்கினால் ஏறக்குறைய 86.18. ஒரே பாடத்தில் இறங்கியதால் போனது 3.82 புள்ளி. ஏ மைனஸ் வாங்கியிருந்தால் 1.80 தான் போயிருக்கும். வெறும் பி என்றால் 5.60க்கு மேல் போயிருக்கும்.

"ஒரே பாடந்தானே" என்று தோழர் கேட்டாரே, அதற்கு விடை இதுதான். ஒரே பாடந்தான், ஆனால் நான்கில் ஒன்று. மருத்துவத்துக்கு விண்ணப்பிப்பவரில் நான்கிலும் ஏ வாங்கியோர் பலர் இருப்பர். அவர்களுக்கு நடுவே 3.82 புள்ளி சிறு பள்ளமன்று; அதே சமயத்தில் கடக்கவே முடியாத கடலுமன்று.

எப்படி என்கிறீர்களா? மீதிப் பத்துப் புள்ளியைப் பாருங்கள். நான்கிலும் ஏ வாங்கிய ஒரு மாணவன் புறப்பாட நடவடிக்கையில் 6 மட்டுமே பெற்றால் அவன் மொத்தம் 96. நம் பெண் அதில் 9.50 பெற்றிருந்தால் அவள் மொத்தம் 95.68. வேறுபாடு ஒரு புள்ளியில் மூன்றில் ஒரு பங்குதான்! இரசாயனத்தில் இழந்ததைச் சாரணர் இயக்கத்திலும் செஞ்சிலுவைச் சங்கத்திலும் திடலிலும் பெரும்பாலும் மீட்டிருக்கலாம்.

ஆனால் அந்தப் பெண்ணின் புறப்பாடப் புள்ளி என்ன தெரியுமா? 5.80. ஏன் என்று கேட்டேன். "பள்ளிக்கூடம் விட்டதும் தோட்டத்துக்கு ஒரே ஒரு பஸ் ஐயா. அத விட்டா நடக்கணும். கிளப்புக்கெல்லாம் எப்படி நிக்கிறது?" என்றாள். இதைக் கேட்டபோது என் நெஞ்சு வேதனைப்பட்டது. இரசாயனத்தில் போனதைவிடப் பஸ்ஸால் போனது அதிகம்! வாரம் ஒரு நாள் நான்கு பெற்றோர் சேர்ந்து ஒரு காரை அமர்த்தியிருந்தால் தீர்ந்திருக்கும் சங்கடம் இது. அந்தப் புள்ளிக்கு என்ன விலை என்று நமக்குத் தெரியவில்லை. ஆகையால் நாம் அதை வாங்கவில்லை.

நிற்க. இரசாயனம் ஏன் சரிந்தது என்பதையும் கேட்டேன். எஸ்.டி.பி.எம். தேர்வு 2012 முதல் மூன்று பருவங்களாக நடைபெறுகிறது. இரசாயனத்தில் முதற் பருவம் பௌதிக இரசாயனம். இரண்டாம் பருவத்தில் அதன் தொடர்ச்சியும் கனிம இரசாயனமும். மூன்றாம் பருவம் கரிம இரசாயனம். மூன்றையும் சேர்த்தே இறுதித் தரம். அந்தப் பெண் முதற் பருவத்திலேயே தடுமாறியிருக்கிறாள். ஐந்தாம் படிவத்திலிருந்து ஆறாம் படிவத்துக்கு ஏறும் படி மிக உயரம். பலர் அங்கேதான் இடறுகிறார்கள். முதற் பருவத் தாளை மறுபடி எழுதலாம், இரண்டில் நல்லதை வைத்துக்கொள்ளலாம் என்ற விதி அவளுக்குத் தெரியுமா? தெரியாது. பள்ளியில் எவரும் அவளை அழைத்து உட்காரவைத்துச் சொல்லவில்லை. வீட்டில் சொல்ல ஆளில்லை. தோட்டத்தில் நாங்கள் கிராணிமார் நால்வர் இருக்கிறோம், நாங்களும் கேட்கவில்லை. குற்றம் எங்களுடையதுந்தான் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அந்தப் பாடம் நம் பிள்ளைகளுக்கு எட்டாதது என்று மட்டும் எவரும் கூறாதீர்கள். மங்கில் ஏன் அம்மோனியாச் சொட்டு விடுகிறோம்? பால் முன்கூட்டியே கட்டியாகாமல் இருக்க. ஸ்டோரில் ஏன் ஃபார்மிக் ஆசிட் ஊற்றுகிறோம்? பால் கட்டியாக. ஒவ்வொரு இரப்பர்த் துகளையும் ஒரு புரதச் சவ்வு மூடியிருக்கிறது. அந்தச் சவ்வின் எதிர்மின்னூட்டம் துகள்களை ஒன்றையொன்று விலக்கி வைக்கிறது. ஆசிட் அந்த மின்னூட்டத்தை அழிக்கிறது. துகள்கள் மோதி ஒட்டிக்கொள்கின்றன. இது எஸ்.பி.எம். இரசாயனப் பாடத்தில் உள்ளது. இரப்பர் என்பது ஐசோப்பிரீன் என்னும் சிறு மூலக்கூறு ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலி என்பதும் அங்கேயே உள்ளது. தகப்பன் கையால் செய்வதை மகள் காகிதத்தில் எழுதுகிறாள். அவளுக்கு அறிவு குறையவில்லை. வேளையோடு கிடைக்க வேண்டிய வழிகாட்டல் குறைந்தது.

முடிவு வந்தபின் இத்தகைய வீடுகளுக்கு இரண்டு வகை ஆலோசனைக்காரர்கள் வருவார்கள். இருவரிடமும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

முதல் வகையார், "நமக்கெதற்கு டாக்டர் படிப்பு? கிடைத்த வேலைக்குப் போகச் சொல்லுங்கள்" என்பார்கள். ஒரு பி பிளஸைக் காட்டி ஒரு பிள்ளையின் தலையெழுத்தையே எழுதிவிடும் பேதைமை இது. 1905 இல் சிங்கப்பூரில் மருத்துவப் பள்ளி தொடங்கியபோதும், மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலம் கோலாலம்பூரில் முதல் மாணவர்களைச் சேர்த்தபோதும், லயத்துப் பிள்ளைக்கு அந்தக் கதவு எங்கே இருக்கிறதென்றே தெரியாது. இன்று கதவும் தெரியும். பூட்டின் அளவும் தெரியும். தெரிந்தபின் திரும்பி வருவதா?

இரண்டாம் வகையார் இன்னும் ஆபத்தானவர்கள். வழவழப்பான தாளில் அச்சிட்ட படங்களோடு வருவார்கள். "பி பிளஸ் எல்லாம் ஒன்றுமில்லை, கையெழுத்துப் போடுங்கள், வெளிநாட்டில் இடம் வாங்கித் தருகிறோம்" என்பார்கள். தனியார் கல்லூரியானாலும் வெளிநாடானாலும் மருத்துவப் படிப்புக்கு இலட்சக்கணக்கான வெள்ளி வேண்டும். அதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. 1971 ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் அங்கீகரிக்கப்பட்ட கல்லூரிகள் பட்டியலிடப்பட்டுள்ளன. அந்தப் பட்டியலில் இல்லாத கல்லூரியில் படித்தவர் தனித் தகுதித் தேர்வு எழுதித் தேறினால்தான் இங்கே டாக்டராகப் பதிய முடியும். ஆகவே கல்லூரியின் பெயரை மருத்துவ மன்றத்திடம் கேட்டறியாமல் ஒரு காசும் கட்டாதீர்கள். நகையை அடகு வைக்கும் முன் பட்டியலைப் பாருங்கள்.

அப்படியானால் செய்ய வேண்டியது யாது?

மூன்றாம் படிவத்தில் பிள்ளை இருக்கும் வீடுகள் இப்பொழுதே விழித்துக்கொள்ளட்டும். 2020 முதல் நான்காம் படிவத்தில் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய பிரிப்பு இல்லை. பிள்ளை பாடத் தொகுதியைத் தேர்ந்தெடுக்கிறது. டாக்டர் கனவுள்ள பிள்ளையின் தொகுதியில் உயிரியல், இரசாயனம், பௌதிகம் மூன்றும் இருக்கின்றனவா என்று தகப்பன் நேரில் போய்க் கேட்க வேண்டும். பதினைந்து வயதில் ஒரு பாடம் விட்டுப்போனால் பத்தொன்பது வயதில் அழுது பயனில்லை.

எஸ்.பி.எம். முடிந்தவுடன் ஆறாம் படிவமா, மெட்ரிகுலேஷனா என்று ஆராயுங்கள். 10 ஏ அல்லது அதற்கு மேல் பெற்றவர்களுக்கு இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் என்று 2024 இல் பிரதமர் அறிவித்தார். நம் பிள்ளை அந்தக் கணக்கில் வருகிறதா என்று பார்த்து, வேளையோடு விண்ணப்பம் போடுங்கள்.

ஆறாம் படிவத்தில் முதற் பருவ முடிவு வந்த அன்றே அதை ஒருவரிடம் காட்டுங்கள். இரசாயனம் சரிந்திருந்தால் மறுதேர்வு பற்றி அன்றே கேளுங்கள். புறப்பாடத்துக்கு வாரம் ஒரு நாளாவது பிள்ளை பள்ளியில் நிற்க வழி செய்யுங்கள்.

விண்ணப்பிக்கும்போது மருத்துவத்தை மட்டும் எழுதிவிட்டு வானத்தைப் பார்த்திராதீர்கள். மருந்தியல், உயிர்மருத்துவ அறிவியல், தாதிமை, இயன்முறை மருத்துவம் என்று உடல்நலத் தொழில்கள் பல உள்ளன. அன்று தோட்டத்து ஆஸ்பத்திரியில் நம் காயத்துக்கு மருந்து கட்டிய டிரெஸ்ஸரை எவர் மறப்பர்? இன்று உதவி மருத்துவ அதிகாரி என்னும் பெயரில் அந்தப் பணி டிப்ளோமாப் படிப்போடு மதிப்பாக நிற்கிறது. இவற்றிலும் போட்டி உண்டு; இரசாயனமும் வேண்டும். ஆனால் இவை தோற்றவர் போகும் வழிகள் அல்ல. நோயாளியின் பக்கத்தில் நிற்கும் வழிகள்.

கிராணித் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் நாள்தோறும் எடையும் கூலியும் கணக்கெழுதுகிறோம். ஒரு தொழிலாளியின் சம்பளத்தில் ஒரு வெள்ளி குறைந்தால் கண்டுபிடிக்கும் நமக்கு, அவர் பிள்ளையின் 3.82 புள்ளியைக் கண்டுபிடிக்கத் தெரியாதா? ஒவ்வொரு கிளையிலும் தேர்வு முடிவு வரும் காலத்தில் மாலை வேளையில் ஒரு மேசை போடுவோம். ஒரு பென்சிலும் ஒரு தாளும் போதும்.

அந்தப் பெண் முதலில் மருத்துவமும் அடுத்து மருந்தியலும் எழுதி விண்ணப்பித்திருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை. இடம் கிடைக்கலாம்; கிடைக்காமலும் போகலாம். எதுவானாலும் காரணம் இன்னதென்று அவளுக்கு இப்பொழுது தெரியும். தன்னைத் தானே முட்டாள் என்று இனி அவள் திட்டிக்கொள்ள மாட்டாள்.

மறுவாரம் அவள் தகப்பனார் திரும்ப வந்தார். இம்முறை கைப்பேசி இல்லை. பக்கத்தில் மூன்றாம் படிவம் படிக்கும் மகன் நின்றிருந்தான். "ஐயா, இவனுக்கு இப்பவே கணக்குப் போட்டுக் குடுத்துடுங்க" என்றார்.

உட்காரச் சொல்லிப் பென்சிலை எடுத்தேன்.