லைசென்சு இல்லாத எஜமானர்கள்

தம்போய்க் கடைத்தெருவில் வண்டி வைத்து வடை விற்கிறவனுக்கும் நகராண்மைக் கழகத்தின் லைசென்சு வேண்டும். அதே ஊரில் 1937 முதல் இருந்துவரும் மனநோய் மருத்துவமனையிலே, உடைந்த மனத்தைத் தொடுகிற வைத்தியருக்குப் பட்டமும் பதிவும் வேண்டும். ஆனால் இந்நாட்டில் 80 லட்சம் பேருக்கு மேல் தம் வசம் வைத்திருக்கும் சமூக ஊடகக் கம்பெனிகளுக்கோ, 2025 ஜனவரி 1-ஆம் தேதி வரையில் அத்தகைய லைசென்சு என்பதே கிடையாது. அவ்விதி அறிவிக்கப்பட்ட மாதமும், டிக்டாக்கில் பலர் அறிந்த ஒரு தமிழ்ப் பெண் மாண்ட மாதமும் ஒன்றே: 2024 ஜூலை.

தம்மை அங்கே ஏசியும் மிரட்டியும் வந்தவர்கள்மீது அப்பெண் போலீசில் புகார் கொடுத்தார். மறுநாள் அவர் உயிரோடில்லை. ஏசினவருள் ஒருத்திக்கு விதிக்கப்பட்ட அபராதம் 100 வெள்ளி, மற்றொருவனுக்குச் சிறை. இவர்களும் தமிழர்களே என்பதை நாம் மறைப்பதற்கில்லை. பெண்ணொருத்தி நாலுபேர் முன் பேசினால் நாக்கூசாமல் வைகிற புத்தியைக் கம்பெனிக்காரன் நமக்குக் கற்பிக்கவில்லை. ஆனால் மேடை போட்டவன் யார்? நம் விரல் எந்தப் படத்தில் எத்தனை விநாடி நின்றது என்று கணக்கு வைக்கத் தெரிந்த எஜமானர்களுக்கு, ஒருத்தியைச் சூழ்ந்துகொண்டு வைவது மட்டும் காலத்தில் கண்ணில் படுவதில்லை!

அவ்வாண்டு ஆகஸ்டில், கூகுள், மெட்டா முதலியவற்றை உறுப்பாகக் கொண்ட ஆசிய இணையக் கூட்டணி, லைசென்சுத் திட்டம் நடைமுறைக்கு ஒவ்வாது, நிறுத்தி வைக்க வேண்டும் என்று பிரதமர் அன்வார் இப்ராஹிமுக்கு எழுதிற்று. அக்டோபரில் டிக்டாக் மலேசியாவில் நூற்றுக்கணக்கானோரை நீக்கியது; பெரும்பாலோர் பதிவுகளைப் பரிசோதித்து வந்தவர்கள். விதிமீறிய பதிவுகளில் நூற்றுக்கு 80 பாகத்தை இயந்திரமே நீக்கிவிடுகிறதென்று கம்பெனி சமாதானம் சொல்லிற்று. மீதி 20 பாகத்துக்கு ஆள் வேண்டாமா? நம்மவர் வசவு பாதி ஜாடையில் இருப்பது. மலாயும் இங்கிலீஷும் கலந்து, ரோமன் எழுத்தில் வருவது. சொல் நல்ல சொல்லாகவே இருக்கும். நஞ்சு தொனியில் இருக்கும்.

தோட்டத்துத் தோழர்களுக்கு இது புதிதன்று. 1930-இல் ரப்பர் விலை விழுந்தபோது, லயத்தைக் கண்ணாலும் காணாத லண்டன் டைரக்டர்களின் கம்பெனிகள் ஆளைக் குறைத்தன. பதினாயிரக்கணக்கான தமிழர் கப்பலேறித் திரும்பினர். அப்பொழுதேனும் திட்டித் தீர்க்க ஒரு துரை பங்களாவில் இருந்தார். இப்பொழுது மின்னஞ்சல்தான் வருகிறது. இலங்கையிலே 2018-இல் கண்டி, திகனையில் முஸ்லிம்களைத் தாக்கிய கலகத்தின்போது பரவிய வெறிப் பதிவுகளுக்காக ஃபேஸ்புக் வருத்தம் தெரிவித்ததோ 2020-இல்!

லைசென்சு நாள் வந்தபோது எக்ஸ், தனக்கு அத்தனை பேர் இல்லை என்றது; கூகுள் யூடியூப் விஷயத்தில் ஆட்சேபம் சொல்லிற்று. 2026 முதல், கேட்டாலும் கேளாவிட்டாலும், இத்தகைய பெருங் கம்பெனிகள் லைசென்சு பெற்றவையாகவே கருதப்படும். நல்லது. இனி நாம் கேட்பது இதுவே: தமிழ் படிக்கத் தெரிந்த பரிசோதகர் எத்தனை பேர்? நள்ளிரவில் கொடுத்த புகாரைப் பார்ப்பவர் யார்? எத்தனை மணி நேரத்தில் நீக்குவர்? அந்தக் கணக்கை ஆண்டறிக்கையில் லாபக் கணக்குக்குப் பக்கத்திலேயே அச்சிடட்டும்.