36-ஆ, 46-ஆ?

தடயவியல் பல் மருத்துவத்தின் தந்தை என்று பாடநூல்கள் ஆஸ்கர் அமோயிதோவைச் சொல்கின்றன. கியூபாவில் பிறந்து பாரிஸில் தொழில் செய்தவர். 1898-இல் அவர் வெளியிட்ட நூல்தான் இத்துறைக்கு அடித்தளம் இட்டது. ஆனால் அந்த நூலுக்குக் காரணமாக இருந்த தீவிபத்தில் சடலங்களை அடையாளம் காட்டியவர் அவர் அல்லர்.

1897 மே 4 அன்று பாரிஸில் நடந்த ஓர் அறக்கொடைச் சந்தையில், சினிமாக் கருவியின் விளக்கிலிருந்து தீப்பற்றி நூற்றிருபதுக்கும் மேற்பட்டோர் கருகி இறந்தார்கள். பெரும்பாலோர் உயர்குடிப் பெண்கள். நகையையும் துணித்துண்டையும் பார்த்து உறவினர்கள் பலரை அடையாளம் சொன்ன பிறகும் சிலர் யாரென்று தெரியாமலே கிடந்தார்கள். பல் மருத்துவர்களைக் கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று யோசனை சொன்னவர் பராகுவே நாட்டுத் தூதரக அதிகாரி. அலென்சோன் கோமகளை, அவருக்கு வழக்கமாகச் சிகிச்சை அளித்த டேவன்போர்ட், தாம் வைத்த தங்க அடைப்புகளைக் கொண்டு கண்டுகொண்டார். நாள்தோறும் கிளினிக் திறந்து, நோயாளி ஏட்டை ஒழுங்காக எழுதிய சாதாரண மருத்துவர்கள்தான் அன்று வேலையை முடித்தவர்கள். அமோயிதோ அதைத் தொகுத்தார், எழுதினார், புகழ் பெற்றார். அதிலும் தவறில்லை.

எனாமலில் 96 விழுக்காடு கனிமம் என்பதை இந்த இதழின் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தீயில் என்ன நடக்கிறது என்பது மட்டும் கல்லூரியில் பலருக்கு மேலோட்டமாகவே சொல்லப்படுகிறது. உதடு சுருங்கியதும் முன்பற்கள் நேரடியாக வெப்பத்துக்கு ஆளாகின்றன. டென்டின் சுருங்க, எனாமல் மூடிபோல் கழன்று விழும். கடைவாய்ப் பற்களைக் கன்னமும் நாக்கும் கொஞ்ச நேரம் காக்கின்றன. வேர்களுக்கு எலும்பே காப்பு. எரிந்து சாம்பல் நிறமான பல் கையில் எடுத்தாலே பொடியாகும். அதனால்தான் சடலத்தை நகர்த்துவதற்கு முன்பே, கிடந்த இடத்திலேயே படம் எடுத்துவிட்டு, பற்களின் மேல் பசை தடவி இறுக்க வேண்டும் என்கிறோம். பிணவறைக்கு வந்த பிறகு தேடினால் பல் இருக்காது.

இவ்வளவு பாடுபட்டு எடுத்தாலும், ஒப்பிட எதிர்ப்பக்கம் வேண்டும். அங்கேதான் நம் கையெழுத்து வருகிறது.

ஒப்பீட்டின் தர்க்கம் எளிது. ஏட்டில் பல் இருக்கிறது, சடலத்தில் இல்லை என்றால் பிறகு பிடுங்கியிருக்கலாம், விளக்கம் உண்டு. ஏட்டில் பிடுங்கியதாக இருக்கிறது, சடலத்தில் அதே பல் இருக்கிறது என்றால் விளக்கமே கிடையாது. அந்த ஒன்று போதும், ஆள் வேறு என்று ஒதுக்கிவிடலாம். இப்போது நினைத்துப் பாருங்கள்: வலது கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு, மாலை நெரிசலில் 46-க்குப் பதில் 36 என்று எழுதிவிடுகிறோம். நோயாளிக்கு அதனால் ஒரு தொல்லையும் இல்லை. பல் போய்விட்டது, வலியும் போய்விட்டது. ஆனால் பத்து ஆண்டுக்குப் பிறகு அந்தத் தாளைக் கையில் வைத்திருப்பவர், எதிரே கிடக்கும் சரியான சடலத்தைத் தவறான சடலம் என்று தள்ளிவிடுவார். எக்ஸ்ரே கூட இருந்தால் தப்பிக்கலாம். பல நேரம் அதுவும் இருப்பதில்லை.

2004 சுனாமிக்குப் பிறகு தாய்லாந்தின் புக்கெட்டில் பல நாட்டுக் குழுக்கள் கூடி வேலை செய்தன. வெயிலிலும் ஈரத்திலும் சடலங்கள் சிதைந்து, முகத்தை வைத்து அடையாளம் காண முடியாத நிலை. தொடக்க மாதங்களில் பற்களே பெரும்பாலானவர்களை அடையாளம் காட்டின. அப்படி அடையாளம் காட்டப்பட்டவர்களில் ஐரோப்பியர் மிகுதி, தாய்லாந்து மக்கள் குறைவு. ஐரோப்பியர்களுக்குச் சொந்த ஊரில் இருந்த பல் மருத்துவர் எக்ஸ்ரேயை அனுப்பி வைத்தார் என்பதே வித்தியாசம். அதே அலை நாகப்பட்டினத்தில் கொண்டுபோனவர்களைப் பெருங்குழிகளில் புதைத்தோம். ஒவ்வொரு தாடையையும் நிதானமாகப் பரிசோதித்திருந்தாலும் ஒப்பிட என்ன இருந்தது?

இன்று என்ன இருக்கிறது என்றும் கேட்கலாம். சிறிய எக்ஸ்ரே ஃபிலிமை நோயாளி கையிலேயே கொடுத்தனுப்புகிறோம். நம்மிடம் தங்கியதும் ஃபிக்ஸர் சரியாக ஏறாமல், கழுவாமல், இரண்டு மழைக்காலத்தில் மஞ்சளாகிறது. ஆர்.வி.ஜி. படங்கள் கணினியை ஃபார்மேட் செய்த அன்று போகின்றன. பல் சீரமைப்பு முடிந்ததும் கல் மாடல்களைக் குப்பையில் போடுகிறோம். மேலண்ண வரிகளின் பதிவும் அவற்றோடு போகிறது. 'ஆர்.சி.டி. முடிந்தது' என்ற வரிக்குப் பக்கத்தில் பல் எண்ணைவிட வாங்கிய தொகை தெளிவாக இருக்கிறது. நம் தொழில் நெறி விதிகள் மூன்று ஆண்டு வைத்திருந்தால் போதும் என்கின்றன. காணாமல் போனவர்களின் வழக்குக்கு மூன்று ஆண்டு எந்த மூலைக்கு?

டி.என்.ஏ. வந்த பிறகு பல் எதற்கு என்பார்கள். உறவினர் மாதிரி கிடைத்து, ஆய்வகம் முடிவு தரும்வரை குடும்பம் காத்திருக்க வேண்டும். எக்ஸ்ரே இருந்தால் ஒப்பீட்டைச் சில மணி நேரத்தில் முடிக்கலாம். தவிர, டி.என்.ஏ.வுக்கும் பல்லிலிருந்துதான் பல நேரம் மாதிரி எடுக்கிறார்கள்.

இன்னொன்றையும் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். தோலில் பதிந்த கடித்தடத்தை வைத்து ஆளைச் சுட்டுவது வேறு வேலை. அதற்குப் போதிய அறிவியல் ஆதாரம் இல்லை என்று அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தின் 2023 ஆய்வறிக்கை சொல்லிவிட்டது. நீதிமன்றத்தில் அந்தச் சந்தேகத்தை நம் ஒப்பீட்டு வேலையின் மேல் ஏற்ற வழக்கறிஞர்கள் முயலலாம். வேறுபாட்டை விளக்கத் தயாராக இருங்கள்.

உடனே செய்யக்கூடியவை சில உண்டு. புதிய நோயாளி வந்த அன்றே, வலிக்கும் பல்லை மட்டும் அல்லாமல், எல்லாப் பற்களையும் குறியுங்கள். ஒன்றும் இல்லாத பல்லுக்கும் 'நலம்' என்று எழுதுங்கள். பிடுங்குவதற்கு முன் எண்ணைச் சத்தமாகச் சொல்லி உதவியாளரை எழுதச் சொல்லுங்கள். முழு பல் செட் செய்து தரும்போது உள்பக்கம் ஓர் எண் சீட்டை வைத்து அக்ரிலிக்கால் மூடித் தரும்படி லேப்பில் கேளுங்கள். முதியோர் இல்லங்களிலிருந்து வருபவர்களுக்குக் கட்டாயமாக.

காவல் துறையிலிருந்து கேட்டு வந்தால் எழுத்தில் வாங்குங்கள். பிரதி எடுத்து வைத்துக்கொண்டு மூலப் படத்தைக் கொடுங்கள். ஃபோனில் ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதோடு நிறுத்திவிட வேண்டாம், அங்கே இடம் வலம் மாறிப்போகும். ஒப்புகைச் சீட்டில் எத்தனை படம், எந்தப் பல், எந்தத் தேதி என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.