இதய வரைபும் வைத்தியர் கடனும்

மாரடைப்போ என்னும் ஐயத்துடன் வைத்தியசாலைக்கு வருவோர்க்கு முதற்கண் எடுக்கப்படுவது இதய மின்வரைபு. ஈ.சீ.ஜி. எனப் பலரும் அறிந்த இதன் இயல்பை ஆராய்ந்து கண்டமைக்காக, ஒல்லாந்து நாட்டு லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லெம் ஐந்தோவன் 1924ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றார். இன்று உடலிற் பொருத்தும் 10 மின்வாய்களைக் கொண்டு, 12 கோணங்களிலிருந்து இதயத்தின் மின்னியக்கம் தாளிற் பதியப்படுகின்றது.

அத்தாள் செய்யும் உதவி பெரிது. முடியுரு நாடியொன்று முற்றாக அடைபடின், எஸ்.ரீ. எனப்படும் பகுதி உயர்ந்து நிற்றல் பெரும்பாலும் தெரியும். அந்நிலையிற் குருதிச் சோதனையின் முடிவுக்குக் காத்திராது, அடைப்பை நீக்கும் சிகிச்சையைத் தொடங்குதல் வேண்டும். நோயாளி வந்து 10 நிமிடங்களுள் வரைபு எடுத்து வாசிக்கப்படல் வேண்டும் என்னும் விதி இதன்பொருட்டே எழுந்தது.

எனினும், வரைபிற் குற்றமில்லை, ஆகவே நோயில்லை என முடிவு கட்டுதல் பெருந் தவறென்பதே எமது துணிபு. வரைபு காட்டுவது அது எடுக்கப்பட்ட சில வினாடிகளின் நிலையை மாத்திரமே. அடைப்பு மெல்ல வளருங்கால் முதல் வரைபு செவ்வையாகவே தோன்றலாம். இதயத்தின் பின்புறத்து நோய் வழக்கமான கோணங்களுக்குத் தப்பிவிடலாம். நீரிழிவு நோயாளர், முதியோர், பெண்கள் ஆகியோருட் சிலர்க்கு நெஞ்சுவலியின்றி மூச்சிரைப்பும் களைப்பும் மாத்திரம் உண்டாதலும் உண்டு. இத்தகையோரை வாய்வுத் தொல்லையென வீட்டுக்கு அனுப்பின், உயிரே போதலுங் கூடும். மறுதலையாக, மாரடைப்பின்றி இதயவுறை அழற்சியிலும் எஸ்.ரீ. பகுதி உயர்வதுண்டு.

ஆதலின் நோயாளியின் வாய்மொழியைக் கேளாது தாளை மட்டும் நோக்குதல் தகாது. கருவி தானே அச்சிட்டுத் தரும் முடிவை நம்பியிருத்தலும் ஆகாது. ஐயம் நீங்காதவிடத்து, வரைபை மீண்டும் எடுத்தல், பழைய வரைபோடு ஒப்பிடல், துரொப்போனின் என்னும் குருதிச் சோதனையை உரிய இடைவெளியில் மறுபடியுஞ் செய்தல் ஆகியன வேண்டற்பாலன. நோயாளர் நிரம்பி வழியும் வெளிநோயாளர் பிரிவில் இஃது எளிதன்று என்பதை நாம் அறிவோம். ஆயினும் அவசரத்தை முன்னிட்டு இதனைக் கைவிடல் நீதியாகாது.

வைத்தியரல்லாத பழைய மாணவர்க்கும் இதிற் பங்குண்டு. நெஞ்சுவலி தோன்றின், தாமே வாகனம் ஓட்டிச் செல்லாது, 1990 என்னும் இலக்கத்தை அழைத்து அம்புலன்சை வரவழைப்பாராக. முன்னர் எடுத்த வரைபைப் பேணி வைத்து உடன் கொண்டு செல்வாராக. வைத்தியத் துறையை நாடும் எம் இளம் மாணவர், கோடுகளை வாசிக்கக் கற்பதோடு நோயாளியின் பக்கத்திலிருந்து பொறுமையுடன் கேட்கவும் பழகுவாராக.